திரும்பி வந்த கோடு

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். ஏரிக்கரையில் ஏறி நின்றபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைக் கோடு. அதன்மேல் மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

கிழக்கே நன்றாக வெளுத்திருந்தது. ஏரியில் தண்ணீர் இல்லை. பாளம் பாளமாக வெடித்த களிமண்ணின் மேல் சுண்ணாம்புத் தூளால் போட்ட கோடு வளைந்து வளைந்து போயிற்று. கோட்டை ஒட்டி இடைவெளி விட்டுக் குச்சிகள். ஒவ்வொரு குச்சியின் தலையிலும் சிவப்புத் துணி. அறுபது எழுபது பேர் இருப்பார்கள். பெண்கள் அதிகம்.

பந்தயம் ஏழு மணிக்கு. நான் அப்போது ஒரு நாளிதழுக்குத் திண்டிவனம் பகுதி நிருபர். 'அதிகாலை முதலே பொதுமக்கள் ஆர்வத்துடன் திரண்டனர்' என்று செய்தியின் முதல் வரியை மனத்துக்குள் எழுதியும் முடித்துவிட்டேன்.

கரையிலிருந்து இறங்கி அருகே போனதும் அந்த வரி தவறு என்று தெரிந்தது. பந்தயம் பார்க்க வந்தவர்கள் பாதைக்கு வெளியே உட்காருவார்கள். இவர்கள் பாதையின் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். வரிசையில் முதலில் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் மடியில், பிடுங்கியெடுத்த குச்சி ஒன்று கிடந்தது. சிவப்புத் துணிக்குக் கீழே பெயிண்டில் எழுதியிருந்த எண் 14.

"போட்டோ புடிக்க வந்தியா? புடி. எங்க மூஞ்சியும் சேத்து நல்லாப் புடி," என்றார் அவர்.

அவர் பெயர் அஞ்சலை. புழுதி மோட்டார் கிளப்பின் முதல் பந்தயம் அன்று நடக்குமா நடக்காதா என்பது அவர் கையில் இருந்தது. அவருக்கோ பந்தயம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

காற்றைப் பிடுங்கியவர்

இந்தத் தொடரில் புயலையும் தேர்தலையும் பற்றி எழுதியபோது வராத கேள்வி ஒன்று போன மாதம் வந்தது. நம் பக்கத்தில் பைக் பந்தயம் எப்படி வந்தது என்று மயிலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெரிய விடை எதுவும் இல்லை. ஏரி வற்றியது, அதனால் வந்தது.

ஒலக்கூருக்குப் பக்கத்தில் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஊர் அது. கோடை பிறந்தால் ஏரியில் முதலில் கிரிக்கெட். அது சலித்தபின் பைக். ஊர்ப் பையன்களில் நன்றாக ஓட்டுபவன் ஏழுமலை. அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கலாம். வீட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் பயிர். அவன் பவர் டில்லர் வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான்.

இன்னொருவர் ஜாபர். கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் பல ஆண்டுகள் தண்ணீர் லாரி ஓட்டியவர். விடுமுறை நாளில் உடன் வேலை செய்தவர்களோடு பாலைவன மேடுகளில் வண்டி ஓட்டிப் பழகியிருந்தார். ஊருக்கே திரும்பி வந்தபின் ஒரு பழைய பைக்கை வாங்கி, விளக்கு, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, பொம்மையார்பாளையம் கடற்கரையில் ஓட்டிப் பார்த்தார். அங்கே மீன்வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. முதல் நாள் மீனவர்கள் மரியாதையாகச் சொன்னார்கள். இரண்டாம் நாள் மரியாதை இல்லாமல் சொன்னார்கள். வலை காயாத இடம் தேடி அவர் மேற்கே வந்தார்.

இருவரும் சந்தித்தது திண்டிவனத்தில், ஒரு பஞ்சர் கடையில். இரண்டு சக்கரத்திலும் பாதிக் காற்றை இறக்கிவிடும்படி ஜாபர் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஏழுமலையால் சும்மா இருக்க முடியவில்லை.

"பாய், காத்து அடிக்கக் கடைக்கு வரவங்களப் பாத்திருக்கறேன். காத்தப் புடுங்கக் கடைக்கு வரவர இப்பதான் பாக்கறேன்."

மணலில் டயர் தட்டையாகப் படிந்து விரிந்தால்தான் வண்டி புதையாமல் மிதந்து போகும் என்று ஜாபர் விளக்கினார். ஏழுமலைக்கு அது பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு அழைத்தான். அன்று வந்த ஆறு பேரும் ஜாபர் சொல்படி காற்றை இறக்கிவிட்டு ஏரிக்குள் இறங்கினார்கள்.

ஏரிக் களிமண் பாலைவன மணல் இல்லை. காய்ந்த பாளத்தின் விளிம்பு கல் மாதிரி இருக்கும். காற்று குறைந்த டயரைத் தாண்டி அது நேராக ரிம்மில் போய் இடித்தது. அரை மணி நேரத்தில் நான்கு வண்டிகளின் ரிம் கோணிக்கொண்டது. ஜாபரின் வண்டியோடு சேர்த்து மீதி மூன்றும் பஞ்சர். ஆறு பேரும் ஜாபரும் பட்டை வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு தார்ச்சாலை வரை நடந்தார்கள். ஒரு கிளப் தொடங்கலாம் என்று பேசியது அந்த நடையில்தான். கோபப்பட்டவர் யாரும் இல்லை என்று ஏழுமலை சொல்வான். ஜாபர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

பெயர் வைப்பதில் வந்த சண்டை

கிளப்பின் முதல் கூட்டம் விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நடந்தது. அதற்குள் விழுப்புரத்திலிருந்தும் சிலர் சேர்ந்திருந்தார்கள். மாவட்டத் தலைநகரின் பெயர்தான் கிளப்புக்கு இருக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். ஏரி எங்களுடையது, பெயர் உங்களுடையதா என்று திண்டிவனத்துக்காரர்கள் கேட்டார்கள். இரண்டு சுற்று டீ முடிந்தது. ஏரியிலேயே தண்ணீர் இல்லை, அதை வைத்துக்கொண்டு என்ன பெருமை என்று விழுப்புரத்துக்காரர் ஒருவர் சொல்லிவிட, சிலர் எழுந்துகொண்டார்கள்.

கடைசியில் ஜாபர்தான் முடித்து வைத்தார். "புழுதி எல்லாருக்கும் பொதுதானே? அதையே பேரா வெச்சிடுங்க."

அப்படித்தான் அது புழுதி மோட்டார் கிளப் ஆனது. விழுப்புரத்தில் எழுதி வாங்கிய பேனரில் அந்தப் பெயர் மஞ்சளில் இருந்தது.

ஆரஞ்சுச் சட்டை

முதல் பந்தயத்தை ஒழுங்காக நடத்த வேண்டும் என்பதில் ஜாபர் பிடிவாதமாக இருந்தார். பாலைவனத்தில் பாதை தவறினவன் திரும்பி வருவது சந்தேகம். அதனால் அங்கே கொடி இல்லாமல், எண் இல்லாமல் பந்தயம் கிடையாது. இங்கும் அப்படியே செய்ய வேண்டும் என்றார்.

பாதையில் பாதி ஏரிக்குள். மறு பாதி ஏழுமலையின் பெரியப்பாவுக்குச் சொந்தமான தரிசில். அனுமதி எல்லாம் வாங்கியாயிற்று. பந்தயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை பிற்பகல், ஆறேழு பேர் கோடு போட இறங்கினார்கள். கபடி மைதானத்துக்குக் கோடு போடுகிற, அடியில் ஓட்டை குத்திய டின். மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்புத் தூள். கட்டட மேஸ்திரி ஒருவரிடம் இரவல் வாங்கிய நீள டேப். இருவர் டேப்பைப் பிடிக்க, ஒருவர் தூளைக் கொட்ட, ஒருவர் குச்சி அடிக்க, இன்னொருவர் அதில் சிவப்புப் பெயிண்டில் எண் எழுத, வேலை மளமளவென்று நடந்தது.

நடுவில் நின்று கையைக் காட்டி வேலை வாங்கியவர் ஜாபர். தலையில் தொப்பி. உடம்பில் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஆரஞ்சு நிற மேல்சட்டை. குறுக்கே வெள்ளிப் பட்டை போட்டு, வெயில் பட்டால் மின்னும்.

வேறு மாவட்டமாக இருந்தால் இதில் தவறு ஒன்றும் இல்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் நிலம் வைத்திருக்கிறவர்களுக்கு வெள்ளைக் கோடும், எண் போட்ட குச்சியும், நீள டேப்பும், ஆரஞ்சுச் சட்டையும் சேர்ந்து வந்தால் ஒரே ஒரு பொருள்தான். நாலு வழிச்சாலை அப்படித்தான் வந்தது. புறவழிச்சாலையும் அப்படித்தான். நிருபராக நான் அந்தச் செய்திகளை நிறைய எழுதியிருக்கிறேன். காகிதம் பின்னால் வரும். குச்சிதான் முதலில் வரும்.

அஞ்சலையின் குடும்பத்துக்கு முன்பு சாலையோரம் நிலம் இருந்தது. அகலச் சாலை வந்தபோது அது போயிற்று. மிச்சம் இருந்தது ஏரியை ஒட்டிய ஒன்றரை ஏக்கரும் அதில் ஒரு கிணறும். கணவர் இல்லை. மகள் செஞ்சியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்தச் சித்திரையில் கிணற்றுத் தண்ணீரில் மல்லாட்டை நின்றது. இன்னும் சில நாளில் பிடுங்க வேண்டியது.

பதினான்காம் குச்சியை அவருடைய வரப்பு முனையில் அடித்திருந்தார்கள்.

ஏழுமலை ஊர்த் தலைவரிடம் முன்பே சொல்லியிருந்தான். அவரும் ஊரில் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பையன்கள் வண்டி ஓட்டுகிறார்கள் என்று சொல்லியிருந்தார். அதையும் இந்தக் கோட்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மாலையில் மாடு ஓட்டி வந்த ஒருவர் கோட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஏழுமலையைத் தேடினார்கள். அவன் பேனர் வாங்க விழுப்புரம் போயிருந்தான்.

இருட்டு பிரிவதற்கு முன்பே ஊர் ஏரிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

கோடு எங்கே போகிறது?

ஆறரைக்குள் பந்தயக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். விழுப்புரத்திலிருந்து ஒரு கும்பல், திண்டிவனத்திலிருந்து ஒரு கும்பல், புதுச்சேரிப் பக்கமிருந்து இருவர். கரையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்றார்கள். லோடு வண்டியில் ஒலிபெருக்கியோடு வந்து இறங்கிய ஏழுமலை நேராக அஞ்சலையிடம் போனான். அவர் அவனுக்கு அத்தை முறை.

"அத்த, இது ரேஸுக்குப் போட்ட கோடு."

"மண்ணு பாக்க வந்தோம்னுதான் அன்னிக்கும் சொன்னாங்க," என்றார் அஞ்சலை. "மண்ணப் பாத்துட்டுப் போனவங்க திரும்பி வரும்போது ரோட்டோட வந்தாங்க."

அவருக்குப் பக்கத்தில் கொளஞ்சி. அவருக்கும் ஏரியை ஒட்டி நிலம் உண்டு. அவர் பார்வை ஜாபரின் மேல் இருந்தது.

"இந்த ஆரஞ்சு சட்டக்காரரு எந்த ஆபீசு?"

"ஆபீசு இல்லீங்க. நமக்குக் கோட்டக்குப்பம்," என்றார் ஜாபர்.

"கோட்டக்குப்பத்துல கடல் இருக்குது. எங்க ஏரில இன்னா இருக்குதுன்னு அளக்கறீங்க?"

யாரோ சிரித்தார்கள். ஜாபர் சட்டையைக் கழற்றினார். மடித்துக் கீழே போட்டு, அதன்மேல் தானும் கோட்டில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பின் கொளஞ்சி அவரிடம் குரலை உயர்த்தவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை.

கோட்டை இப்போதே அழித்துவிடுகிறேன் என்றான் ஏழுமலை. பந்தயமே வேண்டாம் என்றும் சொன்னான். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் இன்னொரு முறை யாரும் வரமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

அஞ்சலை அதற்கும் சம்மதிக்கவில்லை. "தரையில கீறத நீ அழிச்சிடுவ. பேப்பர்ல கீறத எவன் அழிப்பான்?"

பேப்பரே இல்லை என்று எப்படி நிரூபிப்பது? இல்லாததைக் காட்டுவது கடினம். தலைவர் வந்து சொல்லிப் பார்த்தார். நானும் பத்திரிகைக்காரன் என்ற முறையில், அப்படி ஒரு திட்டம் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் என்றேன். போன முறை உனக்குத் தெரிந்ததா என்று கொளஞ்சி கேட்டார். போன முறை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிறகு அஞ்சலை கேட்டார்.

"இந்தக் கோடு எங்க போவுது?"

"எங்கயும் போவல அத்த. சுத்திக்கினு இங்கயேதான் வருது."

"சுத்திக்கினு வர்ற கோட்ட நான் பாத்தது இல்லியே. காட்டு."

நடந்து காட்டுகிறேன் என்றான் ஏழுமலை. மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது.

"நடக்கறதுக்கு நான் எதுக்கு? வண்டி வெச்சிருக்க இல்ல?"

கோணிச் சாக்கு

பந்தயத்துக்காகப் பின் இருக்கையைக் கழற்றிய வண்டி அது. வெறும் இரும்புதான் இருந்தது. சுண்ணாம்பு வந்த கோணிச் சாக்கை நாலாக மடித்துக் கயிற்றால் கட்டினார்கள். அஞ்சலை ஒரு பக்கமாகக் காலைப் போட்டு ஏறினார். இடது கையால் ஏழுமலையின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். வலது கையில் பதினான்காம் குச்சி.

"கோட்ட வுட்டு எறங்காத. எறங்குனா நான் குதிச்சிடுவேன்," என்றார்.

உட்கார்ந்திருந்தவர்கள் வழி விட்டார்கள். வண்டி புறப்பட்டது. சுண்ணாம்பும் புழுதியுமாகப் பின்னால் எழும்பி நின்றது. ஏரியின் நடுவில் போய், மேற்குக் கரையை ஒட்டித் திரும்பி, பனைமரங்களுக்குப் பின்னால் தரிசுக்குள் மறைந்தது. அதுவரை எல்லோரும் கண்ணால் தொடர்ந்தார்கள். மறைந்தபின் காதால் தொடர்ந்தார்கள். தரிசில் ஓர் இடத்தில் சத்தமும் நின்றுபோயிற்று.

"கீழ வுழுந்துட்டாளோ?" என்றாள் ஒருத்தி.

"அவளா? ஏழுமலதான் வுழுந்திருப்பான்," என்றார் கொளஞ்சி.

வண்டியை நிறுத்தி, கோடு மேட்டில் ஏறும் இடத்தை இறங்கிப் பார்த்தாராம் அஞ்சலை. அது பிறகு தெரிந்தது. சத்தம் மறுபடி கேட்டது. இந்த முறை கிழக்கிலிருந்து கேட்டது. போன பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், அவருடைய மல்லாட்டை வரப்பை ஒட்டி, வண்டி வந்து நின்றது. சக்கரம் கோட்டின் மேலேயே இருந்தது.

அஞ்சலை இறங்கினார். முகத்திலும் முடியிலும் வெள்ளை. குச்சியைப் பிடுங்கின குழி அங்கேயே இருந்தது. அதைக் குனிந்து பார்த்தார். வந்த வழியையும் போன வழியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரோடுன்னா எங்கயாவது போவணும்," என்றார். "இது பொறப்பட்ட எடத்துக்கே வருது. இதுல எவன் பஸ்ஸு வுடுவான்? எழுந்திருங்க."

அப்போதுதான் ஊர் சிரித்தது. எழுந்திருக்கும் முன் இன்னொன்றும் நடந்தது. அவர் குச்சியைப் பழைய குழியில் நடவில்லை. தன் வரப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, ஏரிக்குள்ளே ஓங்கிக் குத்தினார். அந்த வளைவு அதனால் மிகவும் குறுகிப்போயிற்று. ஏழுமலை பார்த்தான். சுண்ணாம்பு டின்னை எடுத்துவந்து அங்கே கோட்டைத் திருத்திப் போட்டான்.

கொளஞ்சி எழுந்திருக்கவில்லை. "அவ பாத்தா எனக்காச்சா? என் நெலம் அந்தாண்ட இருக்குது."

அதனால் அவரையும் ஏற்றினார்கள். அவரைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். பாதையை ஒட்டி நிலம் இருந்த அத்தனை பேரையும் ஒருவர் பின் ஒருவராகக் கோணிச் சாக்கில் உட்காரவைத்துச் சுற்றிக் காட்டினார்கள். விழுப்புரத்துக்காரர்களும் வண்டி கொடுத்தார்கள். நிலமே இல்லாத இரண்டு பேரும் இடையில் ஏறிச் சுற்றிவிட்டு வந்தார்கள். ஏழு மணிப் பந்தயம் பத்துக்கு மேல்தான் தொடங்கியது.

நான்கு வரி

விழுப்புரத்துப் பையன் ஒருவன் ஜெயித்தான். ஜாபர் பதினான்காம் குச்சியின் வளைவில் விழுந்தார். அன்று அந்த வளைவில் விழாதவர்கள் குறைவு. வரப்பில் நின்றுகொண்டிருந்த அஞ்சலை அவரைப் பார்த்து, "பாய், ஜல்தியா எழுந்திரிங்க, பின்னால வராங்க," என்று சத்தம் போட்டார். ஒரு வண்டியும் வரப்பைத் தொடவில்லை.

மாலையில் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன். விபத்து உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் நான்கு வரி போதும் என்றார்கள். நான்கு வரிதான் வந்தது. அதில் அஞ்சலையும் இல்லை, கோணிச் சாக்கும் இல்லை.

ஆனால் கிளப்பில் அது நிலைத்துவிட்டது. பந்தயம் எங்கே நடந்தாலும் முதல் சுற்று நிலத்துக்காரர்களுக்கு. பாதையை ஒட்டி நிலம் உள்ளவர் பின்னால் உட்கார்ந்து ஒரு முறை சுற்றி வந்து, கோடு புறப்பட்ட இடத்துக்கே வருகிறது என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் கொடி அசையும். சென்னையிலிருந்து வந்த பந்தயக்காரர் ஒருவர், இது என்ன பூஜையா என்று கேட்டார். அவர் வண்டியில் கொளஞ்சியை ஏற்றிவிட்டார்கள். பிறகு அவர் கேட்கவில்லை.

ஆரஞ்சுச் சட்டைக்குக் கிளப்பில் தடை. ஜாபர் அதைப் பஞ்சர் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

இன்று கிளப்பில் நூற்றுக்கு மேல் உறுப்பினர்கள். பெண்களும் ஓட்டுகிறார்கள். கோப்பைகள் வைக்க விழுப்புரத்தில் ஓர் அறை இருக்கிறது. ஏழுமலைக்குத் தலை நரைத்துவிட்டது. இன்னும் அவன்தான் கோடு போடுகிறான்.

மறுபடியும்

சென்ற ஆண்டு ஒரு காலை ஏழுமலை என்னிடம் தொலைபேசியில் பேசினான். அத்தை கூப்பிட்டிருக்கிறார், நீங்களும் வாருங்கள் என்றான். நான் பத்திரிகையை விட்டு நாளாகியிருந்தது. ஸ்கூட்டரில் போனேன்.

ஏரியில் பந்தயம் எதுவும் இல்லை. கரைக்கு அந்தப் பக்கம் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். எண் போட்ட குச்சிகள். முந்தின நாள் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் சிலர் மூன்று கால் வைத்த கருவியோடு வந்து போனதாகக் கொளஞ்சி சொன்னார்.

அஞ்சலைக்கு இப்போது இடுப்பு வலி. ஏழுமலை கைகொடுத்து ஏற்றினான். வண்டி வேறு. சாக்கை மட்டும் பழையபடி நாலாக மடித்துக் கட்டியிருந்தான்.

"கோட்ட வுட்டு எறங்காத," என்றார் அவர்.

நான் பின்னால் போனேன். கோடு அவருடைய கிணற்றுக்கு மேற்கே நிலத்துக்குள் நுழைந்து, மல்லாட்டையின் நடுவே போய், கிழக்கு வரப்பில் வெளியேறியது. கொளஞ்சியின் நிலத்தைக் கடந்தது. பனைமரங்களைக் கடந்தது. இரண்டு ஊர்களைத் தாண்டித் திண்டிவனம் சாலைக்கு வந்தோம். ஏழுமலை வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினான்.

சாலைக்கு அந்தப் பக்கம், அடுத்த வயலில், கோடு நேராகப் போயிற்று.